உதுமாலெவ்வை காக்காவும் ஒரு விரல் சுண்ணாம்பும்

உதுமாலெவ்வை காக்கா காலமான செய்தி எனக்கு நடுத்தெருவில் கிடைத்தது. பஸ்ஸை ஓட்டிக்கொண்டு களுவாஞ்சிகுடி தாண்டிக் கல்முனைப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வந்த பஸ் வேகம் குறைந்து என் வண்டியை ஒட்டி நின்றது. அதன் சாரதி தலையை வெளியே நீட்டி, "அண்ணன், உங்கட காக்கா போயிற்றார். விடியக்காலம் நெஞ்சு நோவெண்டு சொன்னாராம், அவ்வளவுதான். பின்நேரம் அடக்கமாம்" என்றார். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர் வழி கேட்டுச் சத்தம் போட்டார். இரண்டு பேரும் வண்டிகளை எடுத்துக்கொண்டு எங்கள் எங்கள் பாட்டில் போனோம்.

அப்போதே வண்டியைத் திருப்பிக்கொண்டு காத்தான்குடிக்கு ஓடிவிடத்தான் மனம் சொன்னது. ஆனால் உள்ளே பத்தொன்பது பேர் இருந்தார்கள். "ஆக்கள ஏத்தினா, இறக்கி முடியிற வரைக்கும் உங்கட சோலி உங்களுக்கில்ல" என்று காக்கா அடிக்கடி சொல்வார். அவருடைய மையத்து அடக்கத்துக்குப் போவதற்காக அவருடைய சொல்லையே மீறினால் அவர் எழுந்து உட்கார்ந்து ஏசுவார் என்று தோன்றியது. பத்தொன்பது பேரையும் கல்முனையில் இறக்கிவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பி வந்தேன். மண் போட மட்டும்தான் நேரம் கிடைத்தது. அந்த இடத்தில் என் காதில் விழுந்த ஒரு பேச்சுத்தான் இதை எழுத வைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவருடைய பட்டறையை அறியாதவர்கள் எங்கள் பகுதியில் குறைவு. காத்தான்குடிப் பெரிய தெருவில், வாவிப் பக்கம் திரும்பும் மூலையில், கிடுகு வேய்ந்த கொட்டில். ரயில் பாதை மட்டக்களப்புக்கு வந்த காலத்தில் அங்கே இரும்பு வேலைக்குப் போனவர், பாதை போட்டு முடிந்ததும் ஊருக்கு வந்து மோட்டார் வேலை தொடங்கினார். ஊரார் எல்லோரும் அவரை, முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல, காக்கா என்பார்கள். கணக்குப் பார்த்தால் நான் அவருக்கு இரண்டு மாதம் மூப்பு. ஆனாலும் முதல் நாளே என் வாயில் காக்கா என்று வந்துவிட்டது, பிறகு மாற்றவில்லை. அவர் என்னை டிறைவர் என்பார். வண்டியின் சொந்தக்காரன் நான்தான் என்று எத்தனை தரம் சொல்லியும் பலனில்லை.

மோட்டார் வண்டியின் பாரத்தைச் சில்லுகளின் மேல் தாங்குவது வில்லு. ஏழெட்டு இரும்புத் தகடுகளை, நீளமானது மேலேயும் கட்டையானது கீழேயுமாக அடுக்கி, நடுவில் துளையிட்டு ஓர் ஆணியால் இறுக்கியிருப்பார்கள். எங்கள் தெருவுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றில் வில்லு துருப்பிடிக்கும், குண்டு குழியில் முறியும். புது வில்லு கொழும்பிலிருந்து வர வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு ஓடித் தேய்ந்த வண்டிகளில் கழற்றியதுதான் வாய்க்கும்.

பழைய வில்லு ஒன்று வந்தால் காக்கா அதைத் தகடு தகடாகப் பிரிப்பார். கம்பித் தூரிகையால் துருவை உரசுவார். பிறகு தேங்காய்த் தும்பில் மணலைத் தொட்டுத் தொட்டு இரும்பு வெளிறும்வரை தேய்ப்பார். வாவிக்கரை மணல் பத்தடியில் கிடந்தாலும் அதைத் தொடமாட்டார், அதில் உப்பு இருக்கிறது என்பார். வயல் வட்டைப் பக்கமிருந்து நெல் ஏற்றி வரும் வண்டிக்காரர்களிடம் சொல்லி ஆற்று மணல் எடுப்பிப்பார். அதையும் நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்த பிறகுதான் சாக்கை அவிழ்ப்பார். நான் சிரித்தால், "நீங்க கறிக்கு உப்புப் பாக்கிறல்லையா? அது மாதிரித்தான்" என்பார்.

அதன்பின் நடப்பதுதான் அவருக்கே உரிய வேலை. தகடுகளை மண்ணெண்ணெயில் ஊறப் போடுவார். எடுத்துத் துணியால் துடைத்து, கையில் எண்ணெய் ஒட்டாதவரை வெயிலில் காயவைப்பார். காய்ந்த தகட்டின்மேல் சிப்பிச் சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைத்துப் பூசுவார். ரயில் பாதையில் வெள்ளைக்கட்டித் தூளால் இப்படிச் செய்வதைக் கண்டாராம். தகடு முழுவதும் வெள்ளை வெளேரென்று இருக்கும். எங்காவது கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால், அதற்குள் புகுந்திருக்கும் எண்ணெய் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் சுண்ணாம்பில் கசிந்து கறுத்த கோடாக எழும்பும். கோடு கண்ட தகடு கழிவுக்குப் போகும். காணாததைக் கழுவி, காயவைத்து, மெல்லிதாக ஒரு பூச்சுக் கறுப்பு மை பூசுவார்.

ஒருமுறை நான் பட்டணத்தில் ஒரு பழைய வில்லு வாங்கி வந்தேன். விற்றவர் அதற்குக் கறுப்பு மை பூசி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுக்கி வைத்திருந்தார். காக்கா அதைத் தூக்கிப் பார்த்தார், கம்பித் தூரிகையை எடுத்து உரசத் தொடங்கினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல மையை ஏன் சுரண்டுகிறீர்கள் என்று கத்தினேன். அவர் உரசுவதை நிறுத்தவில்லை. "மை பூசிறது துருவுக்கு, கண்ணுக்கில்ல டிறைவர்" என்றார். உரசி முடிந்தபோது மூன்றாம் தகடு முறிந்து ஒட்டுப் போட்டது என்று தெரிந்தது. அன்றைக்கு நான் பேசிய பேச்சை எல்லாம் ஒரு கோப்பைப் பிளேன்ரீயோடு விழுங்க வேண்டியதாயிற்று.

மை பூசி முடிந்ததும் தகட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு வைப்பார். இது பழைய சாமான் என்பதற்கு அடையாளம். பஸ்காரர்கள் பலருக்கு அது பிடிக்காது, புதிது என்று சொல்லிக்கொள்ள முடியாதே. "பொட்டு வைக்கிற காக்காவ நான் இஞ்சதான் கண்டன்" என்று நான் பகடி பண்ணுவேன். "இரும்புக்கு மார்க்கம் இல்ல. பழசெண்டு தெரிஞ்சா நாளைக்கு இன்னொருத்தன் குனிஞ்சு பாப்பான்" என்பார். அவர் கையால் பூட்டிய எந்த வண்டியின் கீழே குனிந்தாலும் அந்தப் பொட்டைக் காணலாம்.

அந்தப் பட்டறையில் ஒரு கள்ளத்தனமும் இருந்தது. எங்கள் பகுதியில் ஆணும் பெண்ணும் வெற்றிலை போடுவது தெரிந்ததே. வண்டி வேலைக்கு வந்து காத்திருப்பவர்கள் கையில் வெற்றிலையை வைத்துக்கொண்டு, வெயிலில் கிடக்கும் தகட்டில் விரலை ஒற்றிச் சுண்ணாம்பு எடுத்துவிடுவார்கள். விரல் பட்ட இடம் கெட்டுப்போகும், கோடு எழும்பினாலும் தெரியாது. காக்கா ஏசிப் பார்த்தார். கடைசியில் வாசல் கப்புக்காலில் ஒரு தகரப் பேணியைக் கட்டி, அதில் நல்ல சுண்ணாம்பு வைத்தார். "வெத்திலைக்கு இது. இரும்பில கை வச்சா வண்டிய எடுத்துக்கொண்டு போகலாம்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வார். பெரிய வயற்காரரான போடியார்மாரும் அந்தப் பேணிக்குக் குனிந்துதான் சுண்ணாம்பு எடுத்தார்கள்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அது இரண்டாம் உலக யுத்தகாலம். புதுச் சாமான் என்ற பேச்சே இல்லை. ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னதாக என் பஸ்ஸின் பின்வில்லில் முதல் தகடு முறிந்துவிட்டது. ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேசுவரர் கோயில் தீர்த்தத்துக்கு ஆரையம்பதியிலிருந்து முப்பது பேரை ஏற்றிப்போக ஒத்துக்கொண்டிருந்தேன். தகப்பன் இல்லாதவர்கள் விரதமிருந்து நீராடும் நாள் அது. காக்கா எங்கெங்கோ விசாரித்து, கவிழ்ந்துபோன ஒரு லொறியிலிருந்து தகடு ஒன்று எடுத்து வந்தார். தீர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் அது சுண்ணாம்பு பூசி வெயிலில் கிடந்தது.

நண்பகல் தொழுகைக்குக் காக்கா பள்ளிவாசலுக்குப் போனார். நான் தகட்டின் பக்கத்தில் குந்தியிருந்தேன். கையில் வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் இருந்தன. வாசல் பேணியைப் பார்த்தேன், சுண்ணாம்பு தீர்ந்திருந்தது. மறுநாள் ஓட்டத்தைப் பற்றிய யோசனையில், கோடு எழும்பியிருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், விரலை எச்சிலில் நனைத்து, தகட்டின் நடுத்துளைக்கும் விளிம்புக்கும் இடையில் ஒற்றி எடுத்து, வெற்றிலையில் தடவி வாயில் போட்டுவிட்டேன். விரலைத் தோளில் கிடந்த துவாயில் துடைத்த பிறகுதான் நான் செய்தது உறைத்தது. வெள்ளைத் தகட்டில் விரல் போன இடம் பளிச்சென்று தெரிந்தது. காக்கா வந்தால் ஏசுவார். அந்த ஏச்சுக்குப் பயந்து, சட்டியில் கிடந்த சுண்ணாம்பைத் தொட்டு அந்த இடத்தை நானே பூசிவிட்டேன். ஆடி வெயிலில் அது உடனே காய்ந்தது. காக்கா வந்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "வெள்ளை" என்றார். கழுவி, காயவைத்து, மை பூசி, பொட்டும் வைத்து, பொழுதுபட முன் பூட்டித் தந்தார்.

மறுநாள் விடிய முப்பது பேரோடும் ஆரையம்பதியில் புறப்பட்டேன். முன்னிருக்கையில் கந்தப்போடியார் இருந்தார். பெரிய வயற்காரர், அவருடைய தகப்பனார் அந்த வருடம்தான் காலமானார், அது அவருக்கு முதல் தீர்த்தம். எனக்கு முகம் வியர்த்தது. துவாயை எடுத்துத் துடைத்தேன். மண்ணெண்ணெய் மணத்தது.

நேற்று அந்தத் துவாயில் பட்டது அந்த ஒரு விரல் மட்டும்தான். தகடு எண்ணெய் ஒட்டாமல் காய்ந்த பிறகு பூசிய சுண்ணாம்பு அது. அதில் எண்ணெய் இருந்தால் அது வெடிப்பிலிருந்துதான் வந்திருக்கும் என்பதைக் காக்காவின் வாயால் நூறு தரம் கேட்டவன் நான். வாயில் புகையிலை இருந்ததால் அப்போது எண்ணெய் ருசி எனக்குத் தெரியாமல் போனது. வாவியைக் கடக்கும் கல்லடிப் பாலத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. காத்தான்குடி மூலையில் வண்டியை ஓரங்கட்டினேன்.

காக்கா பட்டறைத் தட்டியைத் திறந்துகொண்டிருந்தார். அவரைக் கொட்டிலின் பின்பக்கம் கூட்டிப்போனேன்.

"காக்கா, நேத்து நீங்க தொழப் போன நேரம் நான் தகட்டில சுண்ணாம்பு எடுத்தன்."

"எந்த இடத்தில?"

"நடுத்துளைக்குப் பக்கத்தில. மறுகா நீங்க ஏசுவீங்க எண்டு நானே பூசிவிட்டன்."

அவர் ஏசவில்லை. "வாடை வந்ததா?" என்று மட்டும் கேட்டார். நான் துவாயை நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். நேரே வண்டியடிக்குப் போனார்.

"எல்லாரும் இறங்குங்க. நான் பூட்டின வில்லு என்ட மனசுக்குச் சரியில்ல. நேத்து நான் வடிவாப் பாக்கல்ல" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அவருடைய கை என் முழங்கையைப் பிடித்து இறுக்கியது. கந்தப்போடியார் இறங்கி வந்தார்.

"வடிவாப் பாக்காமலா பூட்டின நீ? முப்பது உசிரு இதுக்குள்ள. அப்பாட முதல் தீர்த்தம் எனக்கு இண்டைக்கு."

"ஓம் போடியார், பிழைதான். தீர்த்தத்துக்கு உங்களக் கொண்டு சேர்க்கிறது என்ட பொறுப்பு."

சொன்னபடியே செய்தார். வீடு வீடாகப் போய், கடைக்காரர்களிடமும் நெசவுக்காரர்களிடமும் கேட்டு ஆறு மாட்டுவண்டிகள் பிடித்தார். வண்டிக்காரர்கள் புது வைக்கோல் பரப்பினார்கள். முப்பது பேரும் மதியத்துக்கு முன்னமே அமிர்தகழி போய்ச் சேர்ந்து தீர்த்தமாடினார்கள். போடியாரும் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்.

நாங்கள் இருவரும் தகட்டைக் கழற்றி, மையைச் சுரண்டி, திரும்பவும் எண்ணெயில் ஊறவைத்துச் சுண்ணாம்பு பூசினோம். வெயில் ஏறியதும் நடுத்துளையிலிருந்து விளிம்புவரை கோடு எழும்பியது. அது கல்லடிப் பாலத்தைத் தாண்டியிருக்குமோ இல்லையோ, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அந்தப் பாலத்தில் ஏறும்போது என் கால் தானாக வேகத்தைக் குறைக்கிறது.

போடியாரிடம் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். காக்கா விடவில்லை. "உங்கட வண்டியில ஆக்கள் உசிர நம்பித் தந்து ஏறுறாங்க. நீங்க இப்பிடிச் செய்தீங்க எண்டு தெரிஞ்சா நாளைக்கு ஆர் ஏறுவா? என்னட்ட இரும்புதான் வருது. இரும்பு ரோசப்படாது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நேத்து மறைச்சீங்க, இண்டைக்கு வந்து சொன்னீங்க. எனக்கு அது போதும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்க்காதவர்போலத் தும்பையும் மணலையும் எடுத்துக்கொண்டு அடுத்த தகட்டுக்குப் போனார்.

இரும்பு ரோசப்படவில்லை, ஊர் விட்டதா? காக்கா வெடித்த தகட்டைப் பூட்டியவர் என்ற கதை வாவியின் இரண்டு கரையிலும் பரவியது. பஸ்காரர் இரண்டு பேர் பட்டணத்துப் பட்டறைக்கு மாறினார்கள். அவர் அந்தத் தகட்டைக் கழிவில் போடாமல், சுண்ணாம்புக் கோடு தெரியப் பட்டறையில் தொங்கவிட்டார். யாராவது கேட்டால், "அது நான் வடிவாப் பாக்காத தகடு" என்பார். பேணியில் சுண்ணாம்பு எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று நான் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருநாள் துணிந்து கந்தப்போடியார் வீட்டுப் படலைவரை போனேன். நெல் விலையைப் பேசிவிட்டுத் திரும்பி வந்தேன். அந்த பஸ் ஓடித்தான் என் இரண்டு பெண்பிள்ளைகளும் கரையேறினார்கள். என் வீட்டு அடுப்பு எரிந்ததெல்லாம் காக்காவின் வாயால்தான், அதாவது அவர் திறக்காத வாயால்.

அடக்கத்தன்று கந்தப்போடியாரும் வந்திருந்தார். மண் போட்டுவிட்டு வரும்போது பக்கத்தில் நின்றவரிடம், "தங்கமான மனிசன். அந்தத் தகட்டில மட்டும்தான் ஒருக்காப் பிழை விட்டுற்றார்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, பாசத்தோடுதான் சொன்னார். நான் ஒரு முழத் தூரத்தில் நின்றேன். அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. அந்த வெட்கத்தோடுதான் வீட்டுக்குப் போனேன்.

மூன்று நாள் கழித்துக் காக்காவின் வீட்டுக்குப் போனேன். அவருடைய தம்பி இருந்தார். அந்தத் தகட்டை எனக்குத் தர முடியுமா என்று கேட்டேன். அவர் மறுபேச்சில்லாமல் உள்ளே போய், சாக்கில் சுற்றிக் கட்டிவைத்திருந்ததைக் கொண்டுவந்து தந்தார்.

"காக்கா சொல்லி வச்சவர். டிறைவர் வந்து கேட்டாக் குடுக்கச் சொன்னவர்" என்றார்.

"கேக்காட்டி?"

"கேக்காட்டி வாவியில போடச் சொன்னவர்."

ஊரறியச் சொல்லிவிடு என்று அவர் ஒருநாளும் என்னை நெருக்கவில்லை. நான் கேட்காமல் இருந்திருந்தாலும் என்னைக் காட்டிக்கொடுக்க அந்தத் தகடு கரையில் கிடந்திருக்காது. இப்படி ஒரு மனிதரோடு இத்தனை வருடம் பழகக் கிடைத்ததே, அதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வேன்?

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தத் தகடுதான். இப்போது அது ஆரையம்பதியில் என் பஸ் கொட்டிலின் வாசலில் தொங்குகிறது, கோடு தெரியத் திரும்பவும் சுண்ணாம்பு பூசியிருக்கிறேன். கேட்பவர்களுக்கு நான் சொல்கிறேன்: உதுமாலெவ்வை காக்கா ஒரு தகட்டையும் வடிவாகப் பார்க்காமல் பூட்டியதில்லை. விரல் வைத்தவனும் நான், அதை மறைத்தவனும் நான். கந்தப்போடியார் இதைக் கேட்பார் என்று நினைக்கிறேன், அவருக்கு வாசித்துக் காட்டுபவர் யாராக இருந்தாலும் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்கவும்.

காலை ஆறு மணிக்கு என் வண்டி வழக்கம்போல ஆரையம்பதிச் சந்தியிலிருந்து புறப்படும். ஏறுவதும் ஏறாததும் உங்கள் விருப்பம். ஏறுமுன் யாரும் கீழே குனிந்து பார்க்கலாம். நாலு வில்லிலும் வெள்ளைப் பொட்டு இருக்கும். அவை காக்கா வைத்தவை.